ஏடு எடுத்த பால்

எண்பதுகளின் நடுவில், கால்நடை மருந்து விற்கும் கம்பெனி ஒன்று ஏற்காட்டில் ஒரு சிறிய ஆய்வகம் நடத்தியது. கால்நடை மருத்துவம் படித்து முடித்த எனக்கு அங்கேதான் முதல் வேலை. ஒண்டிக்கடைச் சந்திப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓட்டுக் கட்டடம், இரண்டு மேஜை, ஒரு நுண்ணோக்கி, ஒரு பிரிட்ஜ், ஒரு மேலாளர். மேலாளர் அதுவரை மருந்து விற்றுக்கொண்டிருந்தவர். மாடு வைத்திருப்பவர்கள் எல்லாரும் அவருக்குப் ‘பார்ட்டி’. பார்ட்டி அனுப்பிய பாட்டில், பார்ட்டி கேட்கிற ரிப்போர்ட், பார்ட்டி மனம் கோணாத முடிவு. ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது அந்தச் சொல் என் காதில் விழும்.

கன்று வீச்சு நோய்க்கான ஒரு பால் பரிசோதனையை மலைக்குத் தோதாகத் தயார் செய்வது என் பொறுப்பு. அந்த நோய் கண்ட மாடு ஏழெட்டு மாதச் சினையில் கன்றை வீசிவிடும். மாட்டோடு புழங்கும் மனிதர்களையும் அது பிடிக்கும். பரிசோதனை எளிதுதான். காய்ச்சாத பாலைச் சிறு குழாயில் ஊற்றி, நீலச் சாயம் ஏற்றிய மருந்தை ஒரு துளி விட்டு, ஒரு மணி நேரம் உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும். நோயுள்ள மாட்டின் பாலில் நீலம் மேலேறி, மிதக்கும் ஏட்டோடு சேர்ந்து வளையமாக நிற்கும். நல்ல மாட்டின் பாலில் ஏடு வெள்ளையாகவே இருக்கும். கீழே பால் நீலமாகத் தெரியும்.

எளிது என்று எழுதி வைத்தவர்கள் மூடுபனிக் காலத்தில் ஏற்காட்டில் இருந்ததில்லை. பனி இறங்கினால் கரண்ட் போய்விடும். கரண்ட் போனால் சூட்டுப் பெட்டி அரை மணியில் சில்லென்றாகிவிடும். நோயுள்ள மாட்டின் பாலில்கூட வளையம் பாதியில் நின்றுவிடும். கடைசியில் வாயகன்ற ஒரு பிளாஸ்கை வாங்கி, வெந்நீர் ஊற்றி, தெர்மாமீட்டரைச் செருகி, குழாய்களை அதற்குள் நிறுத்தினேன். எவ்வளவு சூட்டில் தொடங்கினால் ஒரு மணி நேரம் தாங்கும் என்று கண்டுபிடிக்கவே இரண்டு மாதம் ஆனது. பிறகு சேலத்திலிருந்து வரவழைத்த, நோய் உறுதியான மாட்டின் பாலில் ஒவ்வொரு தடவையும் கச்சிதமாக வளையம் வந்தது.

இன்னும் சில வாரம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். மேலாளர் அதற்குள் நோட்டீஸ் அடித்து எஸ்டேட்களுக்கு அனுப்பிவிட்டிருந்தார்.

முதலில் வந்த பார்ட்டி நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட். அங்கே பன்னிரண்டு கறவை மாடுகள். அந்த வருடம் ஐந்து மாடுகள் கன்று வீசியிருந்தன. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் பஸ்ஸில் பன்னிரண்டு பாட்டில் கொடுத்தனுப்பினார். இருமல் மருந்து பாட்டில், பிராந்தி பாட்டில், தேன் பாட்டில். ஒவ்வொன்றிலும் மாட்டின் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. பன்னிரண்டிலும் வளையம் இல்லை.

“பார்ட்டிக்குச் சந்தோஷமா இருக்கும்மா. ரிப்போர்ட் அடிச்சிரலாம்” என்றார் மேலாளர்.

“ஐந்து மாடு கன்று வீசியிருக்கு சார். ஒன்றில்கூட வரலைன்னா எங்கேயோ தப்பு இருக்கு.”

“தப்பு இருந்தா உங்க டெஸ்டுலதாம்மா இருக்கும்.”

அந்த வார்த்தை என்னைத் தைத்தது. மறுபடி பால் கேட்டேன். மறுபடி பன்னிரண்டு பாட்டில், மறுபடி ஒன்றுமில்லை. மருந்து கெட்டுவிட்டதோ என்று புதிதாக வரவழைத்தேன். தெர்மாமீட்டரை மாற்றினேன். குழாய்களை மூன்று முறை கழுவினேன். சேலத்துப் பாலில் வளையம் வருகிறது, நாகலூர்ப் பாலில் வரவில்லை. மூன்று வாரம் இப்படியே போனது.

நான்காம் வாரம் நானே நாகலூர் பஸ்ஸில் ஏறினேன்.

மாட்டுக் கொட்டகையில் நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மாட்டுக்கும் அவர்தான் பால் கறக்கிறவர். நான் ஆய்வகத்துப் பெண் என்று சொன்னதும் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

“பாட்டிலில் பால் பிடிக்கும்போது நீங்க பக்கத்துல இருந்தீங்களாக்கா?” என்று கேட்டேன்.

“கொட்டாயில எங்கீங்க புடிச்சாங்க? பங்களா சமையல்கட்டுல ஊத்துனாங்க அம்மிணி. சாயந்திரம் கறந்த பாலை அண்டாவுல வெச்சு, வெடியால ஏட்டை வழிச்சு வெண்ணெய்க்கு எடுத்துக்குவாங்க. மிச்சத்தைத்தான் உங்க பாட்டிலுக்கு ஊத்துனாரு சமையல்காரரு.”

“பன்னிரண்டு பாட்டிலுக்கும் ஒரே அண்டாவா?”

“ஒரே அண்டாதானுங்க.”

ஏடே இல்லாத பாலில் நீலம் எதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும்? குழாய்களின் தலையில் வெள்ளைக் கோடுகூட இல்லாததை மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அதை யோசிக்காமல் மருந்தைத் திட்டியிருக்கிறேன். ரைட்டர் மேல் வந்த கோபத்தில் பாதி என் மேலேயே திரும்பியது.

ரைட்டர் வந்தார். தப்பை எடுத்துச் சொல்லியும் அவருக்கு எதுவும் உறைக்கவில்லை.

“ஏனுங்க மேடம், எல்லாம் நம்ம மாட்டுப் பாலுதானுங்களே? பன்னெண்டு மாட்டுப் பேரும் எழுதித்தானுங்க ஒட்டுனேன். கையெழுத்து புரியலீங்களா?”

“கையெழுத்து நல்லாவே புரிஞ்சுதுங்க” என்றேன்.

அன்று சாயந்திரக் கறவைக்குக் காத்திருந்து, ஒவ்வொரு மாட்டின் மடியிலிருந்தும் நேரே குழாயில் பிடித்தேன். மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த அக்காவின் கை மேலே பட்டபோது அனலாகக் கொதித்தது.

“பொழுது சாஞ்சா இப்படித்தானுங்க. மூணு மாசமாச்சு. காய்ச்சல் வரும், வேர்த்துக் கொட்டும், போயிரும். இடுப்பு நொம்ப வலிக்குது. மலேரியான்னு மாத்திரை குடுத்தாங்க. கேக்கல.”

“மாடு வீசின கன்னையெல்லாம் யாரு அள்ளிப் போட்டது?”

“நாந்தானுங்க. வேற ஆரு வருவாங்க?”

மறுநாள் ஆய்வகத்தில் ஏழு குழாய்களில் நீல வளையம் நின்றது. பரிசோதனை சரியென்று தெரிந்ததை நினைத்துச் சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு அந்தக் கையின் சூடுதான் நினைவில் இருந்தது. ஏற்காடு ஆஸ்பத்திரியில் அவர் ரத்தத்தைக் கொஞ்சம் எடுக்கச் சொல்லி வாங்கி வந்தேன். மாட்டு ரத்தத்துக்கு வைத்திருந்த வேறொரு மருந்தோடு கண்ணாடித் தட்டில் கலந்தேன். பால் திரிவது போல நிமிடத்தில் திரிந்தது. அவருக்கும் அதே நோய்.

மேலாளர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “மனுச ரத்தத்தை இங்கே டெஸ்ட் பண்ணக் கூடாதும்மா. அது நம்ம லிஸ்டுலயே இல்ல” என்றார். பிறகு பால் ரிப்போர்ட்டைக் காட்டி, “ஏழு மாடுன்னு எழுதினா பார்ட்டி தாங்க மாட்டாங்க. ‘சந்தேகத்துக்குரியது’ன்னு போடலாமே” என்றார்.

“போடுங்க சார். கையெழுத்தையும் நீங்களே போட்டுக்குங்க.”

அவரால் போட முடியாது, படிப்பு என்னுடையது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் நான் எழுதியபடியே அனுப்பினார்.

அக்காவுக்கு ஒரு கடிதம் கொடுத்துச் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே இருந்த டாக்டர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, மாட்டு ஆஸ்பத்திரிச் சீட்டோடு எங்கே வந்தாய் என்று கேட்டுச் சிரித்தாராம். பழைய மலேரியா மாத்திரையையே திரும்பவும் எழுதிக் கொடுத்திருந்தார். அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு நானே கூடப் போனேன். வரிசையில் மூன்று மணி நேரம். எங்கள் முறை வந்ததும், “நானும் டாக்டர்தான். இவங்க ரத்தத்தை உங்க லேபிலேயே பார்த்துடுங்க. நான் சொன்னது தப்புன்னா போயிடறேன்” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது, வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் ரத்தத்தை லேபில் பார்க்கச் சொன்னார். நான் சொன்னதில் தப்பில்லை. கொஞ்சம் வெட்கத்தோடுதான் ஊசியும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

மூன்று வாரம் தினமும் ஊசி. அதைப் போட்டுக்கொள்ள அக்கா ஏற்காட்டுக்கு பஸ் ஏறி வருவார். திரும்பும்போது ஆய்வகத்துப் படியில் உட்கார்ந்து, ஊசி போட்ட இடம் கல் மாதிரி கட்டியிருப்பதையும் மாத்திரை வயிற்றைப் புரட்டுவதையும் எனக்கு விலாவாரியாகச் சொல்லிவிட்டுப் போவார். இரண்டாம் வாரத்தில் சாயந்திரக் காய்ச்சல் நின்றது. இடுப்பு வலி விட ஆறு மாதம் ஆனது.

எஸ்டேட்டில் ஏழில் ஐந்து மாடுகளைத் தனிக் கொட்டகைக்கு மாற்றினார்கள். மற்ற இரண்டையும் ரிப்போர்ட் கைக்கு வருவதற்கு முன்பே சந்தையில் விற்றுவிட்டார்கள். யார் வாங்கினார்கள் என்று ரைட்டரிடம் நான்கு தடவை கேட்டேன். “சந்தையில ஆருங்க பேர் கேக்கறாங்க?” என்றார். அந்த இரண்டு மாடுகள் யார் வீட்டுக் கொட்டகைக்குப் போயின என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

பிறகு ஒரு முறை நாகலூர் போனபோது ஒரு கட்டு ரப்பர் கையுறை கொண்டுபோனேன். அடுத்த முறை போகையில் அவை பிரிக்கப்படாமலே உத்தரத்தில் தொங்கின.

“மாட்டுக்கு என்ற கை தெரியோணும் அம்மிணி. ரப்பரைத் தொட்டா பாலை அடக்கிக்குது.”

“கறக்கும்போது வேண்டாம். கன்னு போடும்போதாவது மாட்டிக்குங்க. உங்களுக்கு மறுபடி வந்தா நான் அந்த டாக்டர்கிட்ட இன்னொரு தடவை சண்டை போட மாட்டேன்.”

“போடுவீங்க” என்று சொல்லிவிட்டு, அக்கா வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போனார்.