கொள்ளைக்காரனுக்கு ஒரு முக்காடு

டிவியில் தொப்பி வைத்த அந்த ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும் ஞானபாக்கியம் முந்தானையை இழுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொள்கிறார். வந்தவன் துப்பாக்கியை எடுத்து வங்கி கேஷியரின் நெற்றிக்கு நேரே நீட்டுகிறான். முக்காடு இறங்கவில்லை.

"ஏளா, களவாங்க வந்தவனுக்கு எதுக்குளா முக்காடு?" என்கிறார் கட்டிலில் சாய்ந்திருக்கும் கணவர் இஞ்ஞாசி.

"நீங்க சும்மா கெடங்க. கை பழகிப்போச்சு."

பழகாமல் என்ன செய்யும்! அந்தக் காலத்து ஹாலிவுட் நடிகன் அவன். ஒரே ஒரு படத்தில் இயேசுவாக நடித்திருக்கிறான். ஞானபாக்கியம் குமரியாக இருந்த நாளில், தவக்காலம் வந்தால் திரேஸ்புரம் கடற்கரையில் வெள்ளைத் துணி கட்டி அந்தப் படத்தைத்தான் போடுவார்களாம். திரையில் இங்கிலீஷில் பேசப் பேச, வேதம் சொல்லித்தரும் உபதேசியார் மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். ஆண்டவர் தோன்றியதும் பெண்கள் அத்தனை பேர் தலையிலும் முக்காடு ஏறிவிடும்.

ஞானபாக்கியத்துக்கு மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் வேலை. கை சீலா மீனைத் துண்டு போடும், வாய் முந்தின நாள் பார்த்த படத்தைத் துண்டு போடும். "அந்த ஊர்ல ஒறங்கும்போதுகூட தொப்பியக் கழத்தமாட்டானுவ போல!" முத்தக் காட்சி வந்தால் உலை கொதிக்கிறது என்று குசினிக்குள் போய்விடுவார். உலையே வைத்திருக்க மாட்டார்.

இந்தப் பைத்தியம் பிடித்தது போன ஈஸ்டருக்குப் பிறகுதான். பிடிக்க வைத்தவன், மாடிவீட்டில் குடியிருந்துகொண்டு பழைய இங்கிலீஷ் படங்களைப் பென்டிரைவில் சேர்த்துவைக்கும் நான். மூட்டு வலியால் கடலுக்குப் போகாமல் இருக்கிற இஞ்ஞாசி அண்ணாச்சிக்குப் பொழுது போகட்டுமே என்று ஒரு படத்தைக் கொடுத்தேன். அன்றைக்கு அவர் போட்ட சத்தம் மாடிவரை கேட்டது. "ஏளா, ஓடியா! ஒன் ஆண்டவரு பேங்கைக் கொள்ளையடிக்காரு!"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. கீழே இறங்கிப்போய் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு அடங்கியது. படத்தைப் பாதியில் அணைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு புயலில் இஞ்ஞாசியின் வள்ளம் கரை திரும்பவில்லை. கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்த பிறகும் ஞானபாக்கியம் மணலைவிட்டு எழுந்திருக்காமல் கண்ணை மூடி வேண்டிக்கொண்டே இருந்தார். கணவர் உயிரோடு வந்து சேர்ந்தார்.

"கண்ண மூடுனா கோயில்ல நிக்கிற ஆண்டவரு சுரூபம் வரல தம்பி. இந்த மொகந்தான் வந்துச்சு. அப்போ நான் கூப்புட்டது ஆரை? இந்தக் களவாணியையா?"

பங்குச்சாமியாரிடம் கேட்டிருக்கிறார். எந்த முகத்தை நினைத்தாலும் ஜெபம் சேரவேண்டிய இடத்துக்குச் சேரும் என்றாராம் அவர். "அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவாரு. கடல்ல கெடந்தது என் புருசன்லா!"

அதனால் தேடுகிறார். "ஒரு படத்துலயாவது நல்லவனா வரமாட்டானா, பாரேன்." நானும் அந்த நடிகனின் படங்களாகத் தேடிக் கொண்டுவந்து கொடுக்கிறேன். பாழாய்ப்போனவன், ஒன்றில் சீட்டாடிப் பெண்டாட்டியின் நகையைத் தொலைக்கிறான், இன்னொன்றில் குடித்துவிட்டுத் தெருவில் கிடக்கிறான். சிநேகிதனைக் காட்டிக்கொடுக்கிற படத்தைப் பார்த்த அன்று அந்த அம்மாள் சாப்பிடவே இல்லை. "யூதாசு வேலைய இவனே செஞ்சுட்டானே!" எனக்கே அவன்மீது கோபம் வந்தது.

இனி கொடுக்கப் படமில்லை. அன்று பாதியில் அணைத்த வங்கிக்கொள்ளைப் படத்தைத்தான் இன்று முழுசாகப் பார்க்கிறோம்.

கடைசியில் அவனைத் துறைமுகத்தில் வைத்துப் போலீஸ் சுட்டுவிடுகிறது. கூட்டாளிகள் பணமூட்டையோடு ஓடிவிட்டார்கள். கொட்டுகிற மழையில், கண் திறந்தபடி மல்லாந்து கிடக்கிறான். பக்கத்தில் ஒரு ஆளில்லை. கேலி பேச வாயெடுத்த இஞ்ஞாசி, மனைவியைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏலே, ஒனக்குன்னு ஒருத்தருமில்லையா?"

ஞானபாக்கியம் திரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே எழுந்தார். மீன் வாடை போகாத கையை முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போனார். திரையில் அவன் கண்கள்மீது உள்ளங்கையை வைத்து, இமைகளை மூடுவதுபோல் மெல்லக் கீழே தடவினார். படம் முடிந்து திரை இருண்ட பிறகும் கையை எடுக்கவில்லை.