மஞ்சள்தூள் போட்ட ரேடியேட்டர்

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். நான் அப்போது டவுனில் ஒரு வக்கீலுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஐயா என்பதற்குப் பிரெஞ்சு வழக்கப்படி 'முசே' என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். எங்கள் வீடு தெற்கே, தவளக்குப்பத்துக்குப் பக்கம்.

பிள்ளைகளே, நீங்கள் போட்டோவில் மட்டும் பார்த்திருக்கும் உங்கள் அத்தை, என் ஒரே தங்கை, கப்பல் ஏறிய நாளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இத்தனை நாள் உங்களிடம் இதைச் சொல்லாததற்குக் காரணம் வெட்கம்தான்.

அவள் புருஷன், உங்கள் மாமா, ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். கல்யாணமான மறுமாதமே அவர் பிரான்சுக்குப் போய்விட்டார். ஒன்றரை வருஷம் கழித்து இவளும் அங்கே வரலாம் என்று காகிதம் வந்தது. அதே கப்பலில் போகும் இன்னொரு குடும்பம் இவளைக் கூட்டிப்போக ஒத்துக்கொண்டது. முசேயும் பெரிய மனசு பண்ணிக் காரைக் கொடுத்தார்.

அவள் கிளம்புவதற்கு முதல் நாள் காலையில் காரைத் துடைக்கும்போது பார்த்தேன், முன்பக்கம் தரையில் ஈரம். எஞ்சின் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் நிற்குமே ரேடியேட்டர், அதன் அடியில் ஊசி நுழைகிற மாதிரி ஓர் ஓட்டை. இரண்டு தெரு தள்ளி ஈயம் பற்றவைப்பவர் இருந்தார். ஒரு மணி நேர வேலை.

நான் போகவில்லை.

வேண்டுமென்றேதான் விட்டாயா என்று கேட்டால் என்ன சொல்ல? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் துணியை உதறினேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. இந்தக் கப்பலை விட்டால் அடுத்ததற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அவள் வீட்டில் இருப்பாள். சாயங்காலம் நான் வரும்போது வாசலில் ஹார்ன் சத்தம் மாதிரியே வாயால் ஊதிக் கேலி செய்வாள். அதை நினைத்தபோது அந்த ஈரத் தரைகூட எனக்கு நல்லதாகத் தெரிந்தது.

மறுநாள் காலை, கடற்கரைக்கு வந்தால் தாங்கமாட்டேன் என்று அம்மா வீட்டிலேயே நின்றுவிட்டாள். நாங்கள் இரண்டு பேர்தான் கிளம்பினோம். கப்பல் துறைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து படகில் போய் ஏற வேண்டும். பத்து மணிக்கு மேல் படகு காத்திருக்காது.

அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டியதும் முன்னால் புகைபோல ஆவி கிளம்பியது. ஓரமாக நிறுத்தினேன்.

"என்னாண்ணா ஆச்சி?"

"ரேடியேட்டர் ஒழுவுது பாப்பா. தண்ணி பூரா போயிடிச்சி. ஆத்துத் தண்ணியும் உப்பு, ஊத்த முடியாது."

அவள் இறங்கி வந்தாள். காரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

"காரு மேல காக்கா எச்சம் போட்டாலே அந்தக் குதி குதிப்ப. இன்னிக்கு கையக் கட்டிக்கினு நிக்கிற. நேத்தே தெரியுமா உனக்கு?"

நான் ரோட்டைப் பார்த்தேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். "அவரு போயி ஒன்ற வருசம் ஆவுதுண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எதிரே இருந்த வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது இடுப்பில் ஒரு குடம் தண்ணீர். அதை இறக்கி வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து ஒரு பால் டின்னை எடுத்தாள். அது நிறைய மஞ்சள்தூள். அந்த ஊரில் கிடைக்காதென்று அம்மா ஒரு வருஷத்துக்கு இடித்துக் கொடுத்தது.

"மஞ்சத்தூள் போட்டா ஓட்ட அடையும்னு வில்லியனூர் ரோட்டுல நின்ன கதய நீதான சொன்ன? போடு."

"அங்க போயி கொழம்புக்கு என்னா பண்ணுவ?"

"வெள்ளக் கொழம்பு வெச்சா உன் மாப்ள துன்ன மாட்டாரா? போடுண்ணா."

சூடு கொஞ்சம் அடங்கட்டும் என்று காத்திருந்து, துணியைச் சுற்றி மூடியைத் திறந்தேன். குடத்தைத் தூக்கினேன். காய்ந்து கிடக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஒரேயடியாகக் கவிழ்த்தால் வெடிப்பு விழும். அவளை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடும். யாரும் என்னைக் குறை சொல்லவும் முடியாது. அவளுக்கு இதெல்லாம் தெரியாது. டின்னைப் பிடித்துக்கொண்டு என்னையே நம்பி நின்றாள்.

எஞ்சினை ஓடவிட்டு, நூல் பிடித்த மாதிரி மெதுவாக ஊற்றினேன். அவள் கை கையாகத் தூளை அள்ளிப் போட்டாள். தலையில் கூடையோடு போன மீன்காரம்மா ஒருத்தி நின்று பார்த்துவிட்டு, "இன்னா டிரைவரே, மீனு வோணுமா? கொழம்பு கொதிக்குதே!" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று அப்போது தெரியாது.

கீழே ஒழுகிய மஞ்சள் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டாகி, அந்தச் சொட்டும் நின்றது. கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது படகைத் தள்ளத் தயாராக இருந்தார்கள்.

ஏறுவதற்கு முன் காலி டின்னை என் கையில் கொடுத்தாள். "மொதல்ல போயி அந்த ஓட்டய அடைச்சிடு. முசே திட்டப் போறாரு" என்றாள். படகு அலையைத் தாண்டியதும் கையைத் தூக்கி ஆட்டினாள். உள்ளங்கை மஞ்சளாக இருந்தது. கொஞ்ச தூரம் வரை அது தெரிந்தது.

அன்றைக்கே போய்ப் பற்றவைத்தேன். அப்புறமும் ரேடியேட்டர் தண்ணீரை மாற்றும்போதெல்லாம் மஞ்சள் கலங்கி வரும். முழுக்கத் தெளிந்து வந்த நாளில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்கப்புறம் யார் கப்பல் ஏறினாலும் அவளுக்கென்று ஒரு டின் மஞ்சள்தூள் கொடுத்து அனுப்பினேன். 'வந்து சேர்ந்தது' என்று கடிதம் வரும். அவள்தான் வரவில்லை.

நீங்கள் ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் முதல் நாளே காரைத் திறந்து வைத்துக்கொண்டு ஏன் இத்தனை நேரம் பார்க்கிறேன் என்று கேட்பீர்களே, இதற்காகத்தான்: போக வேண்டாம் என்று மனசு சொல்கிற நாளில்தான் வண்டியை இன்னும் நன்றாகப் பார்த்து அனுப்ப வேண்டியிருக்கிறது.