ஆளுக்கு ஒரு ஸ்பேர்

எங்கள் பஸ் டிப்போவில் யார் எந்த வண்டியில் எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்று எழுதிப் போடுகிறவர் சார்ட்டக்கா. பதினாறு வருஷமாக அதே நாற்காலி, அதே ஜன்னல், காதில் செருகிய அதே பென்சில். அவருக்கு மனிதர்கள்மேல் துளி நம்பிக்கை கிடையாது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். விடிந்தால் போதும், லீவு கேட்டு வரிசையாகப் போன் வரும். ஒருத்தனுக்கு வயிற்றுப்போக்கு. ஒருத்தனுக்கு வீட்டுக் கதவு திறக்க வரவில்லையாம், உள்ளே மாட்டிக்கொண்டானாம். நானும் அங்கே கண்டக்டர்தான். என் மாமனாரை இரண்டு முறை சாகடித்து லீவு வாங்கியிருக்கிறேன். மனுஷர் இன்னும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். மூன்றாவது முறை போன் செய்தபோது அக்கா, "இந்தத் தடவை எத்தனை நாளைக்குச் செத்திருப்பாரு?" என்று மட்டும் கேட்டார்.

அதனால் அக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு டூட்டிக்கும் இரண்டு பேரை வரச் சொல்லிவிடுவார். ஒருவர் மெயின், ஒருவர் ஸ்பேர். யார் எது என்பது அவருடைய நோட்டுக்குத்தான் தெரியும். "நீ ஸ்பேர்னு சொன்னா எவனாவது பல்லு வெளக்குவானா?" என்பார். இரண்டு பேருமே வந்து நின்று அவர் மாட்டிக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இப்படிப்பட்டவர் முப்பத்தொன்பது வயதில் முழுகாமல் இருந்தார். டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆபரேஷன்தான். வீட்டுக்குப் போனபிறகு இரண்டு வாரம் தனியாக இருக்கக் கூடாது. பகலில் நாலு மணி நேரமாவது சேர்ந்தாற்போலத் தூங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரஷர் எகிறும். அக்காவுக்கு அம்மா இல்லை. மாமியாருக்கு முட்டிவலி. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எங்கோ எவரோ இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கினால் இவர் சோற்றில் கைவைத்தபடி எழுந்து ஓடுவார்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது அக்கா சொன்னார். "ஆபரேஷனுக்கெல்லாம் பயமில்லடி. வீட்டுக்கு வந்த அன்னிக்கு யாருமே வரலைன்னா என்ன பண்றதுன்னு நெனச்சாத்தான் பயமா இருக்கு."

பிறகு சார்ட் போட்டார். ஆறிலிருந்து பத்து, பத்திலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஆறு. மாற்று ஆள் வந்து கையெழுத்துப் போடாமல் யாரும் நகரக் கூடாது என்ற டிப்போ விதியும் உண்டு. எங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, காதும் காதும் வைத்தமாதிரி நேரம் சொன்னார். எனக்கு முதல் நாள் காலை ஆறு. நம்மை நம்பி முதல் டூட்டியைக் கொடுத்திருக்கிறாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா பெண் குழந்தையோடு வீடு திரும்பிய மறுநாள் ஐந்தே முக்காலுக்கே போய்விட்டேன். வாசலில் அக்காவின் மாமியார், பையோடு.

"நீ எங்கம்மா இந்நேரத்துல?"

"ஆறு மணி டூட்டி எனக்குத்தாம்மா."

"எனக்கில்ல ஆறு மணின்னு சொன்னா?"

கதவைத் திறந்தவர் வீட்டுக்காரர். அவருக்கும் ஆறு மணியாம். லீவு போட்டுவிட்டு, போனை அணைத்து அலமாரியில் வைத்திருந்தார். உள்ளே ஏற்கெனவே அடுத்த வீட்டுத் தையல்காரம்மா அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சமையலறையில் ஒன்றரை ஆள் நிற்கலாம். நாங்கள் நாலு பேர் நின்றோம். ஆளுக்கொரு தூக்கில் கஞ்சி வேறு.

யாருக்குத்தான் டூட்டி என்று பார்க்க மாமியார் ஃபிரிட்ஜின் மேலிருந்த நோட்டை எடுத்துச் சத்தமாகப் படித்தார்.

"மெயின், தையல்காரம்மா. ஸ்பேர், அத்தை, முட்டி ஒத்துழைத்தால். ஸ்பேருக்கு ஸ்பேர், கண்டக்டர், மாமனார் உயிரோடு இருந்தால். அதற்கும் ஸ்பேர், வீட்டுக்காரர், லிஃப்டில் யாரும் மாட்டாவிட்டால்."

படித்துவிட்டு நோட்டைப் பட்டென்று மூடினார்.

"என் பேத்திக்கு நான் ஸ்பேரா?" என்று ஆரம்பித்தார் மாமியார். "உங்களுக்காவது ரெண்டாவது இடம்மா, புருஷன் நான் நாலாவது," என்றார் வீட்டுக்காரர். தையல்காரம்மா தன் பெருமையை மறைக்கக்கூடப் பார்க்கவில்லை. வீடு சந்தைக்கடையானது. எனக்கும் மூக்குக்குமேல் கோபம். நியாயம் கேட்கத்தான் அறைக்குள் போனேன்.

அக்கா கண்ணை மூடாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பக்கத்தில் குழந்தை. அக்காவின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"யாராவது வந்திருக்காங்களாடி?"

"யாராவதா? நாலு பேரும் வந்து உங்க நோட்டைப் படிச்சாச்சு."

"நாலு பேருமா? அத்தை முட்டி?"

"நடந்தேதான் வந்திருக்காங்க."

"உன் மாமனாரு?"

"நல்லா இருக்காரு."

அக்கா, "பதினாறு வருஷத்துல ஒரு நாள்கூட, போட்ட ஆளெல்லாம் வந்ததில்லடி," என்று சொல்லிவிட்டுத் தேம்பி அழுதார். நியாயம் கேட்க வந்த நான் அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன். பொய் சொல்லி லீவு எடுத்த நாளெல்லாம் ஞாபகத்துக்கு வந்து வெட்கமாக இருந்தது.

கதவோரம் நின்றிருந்த மாமியார் எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து குழந்தையைத் தூக்கினார். "அழுதா தையல் இழுக்கும். நாங்க இருக்கோம், நீ தூங்கு," என்றார். ஸ்பேர் பேச்சை எடுக்கவே இல்லை.

அதன்பிறகு நாங்கள் நாலு பேரும் சைகையிலேயே பேசினோம். ஏழு மணிக்கு அறையிலிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. பத்து மணிக்கும் வந்துகொண்டிருந்தது. பத்து மணி ஆட்களும் வந்துவிட்டார்கள், மெயினும் ஸ்பேரும் சேர்த்து மூன்று பேர். கையெழுத்துப் போட ஆளுக்கு ஆள் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது என் போன் அதிர்ந்தது. மாமனார். "பத்து மணிக்கு வந்துடுவேன்னியேம்மா?"

குழந்தை அப்போதுதான் என் மடிக்கு வந்திருந்தது. என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"மாத்த ஆள் இன்னும் வரல மாமா," என்றேன் மெதுவாக.