வாயாடியும் கணக்குப்பிள்ளையும்

எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்பவருக்கு பாஸ்வேர்டு அக்கா என்று பெயர். வைத்தவள் நான்தான். ஆசிரியர்கள் முப்பது பேரும் வாரத்துக்கு ஒரு தடவையாவது பாஸ்வேர்டை மறந்துவிட்டு அவர் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்போம். அவர் டைப்பிஸ்டாகச் சேர்ந்து இருபத்திரண்டு வருடமாகிறது. கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். பிள்ளைகள் இல்லை. நானூறு மாணவர்களின் பாஸ்வேர்டுகளையும் ஒரு நீல நோட்டில் கைப்பட எழுதி வைத்திருக்கிறார். யாராவது பாதுகாப்பு என்று வாயெடுத்தால், "முதல்ல உங்களோடதை ஞாபகம் வச்சுக்குங்க" என்பார்.

போன வருடம் பள்ளிக்கு இரண்டு மென்பொருள்கள் வந்தன. ஒன்றில் நான் கேள்வியை வீடியோவாகப் போடுவேன். பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒன்றரை நிமிடத்துக்குள் பதிலைப் பேசிப் பதிந்து எனக்கு அனுப்புவார்கள். மற்றது, யார் எத்தனை முறை பேசினார்கள் என்று எண்ணிப் பச்சையும் சிவப்புமாகப் படம் போடும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பெற்றோரின் போனுக்குத் தானாகவே செய்தியும் அனுப்பும். முதலாவதற்கு வாயாடி என்றும் அடுத்ததற்குக் கணக்குப்பிள்ளை என்றும் அக்கா பெயர் வைத்தார். பெயர் வைப்பதில் நான் மட்டும்தான் கெட்டிக்காரியா என்ன!

வாயாடிக்கு அக்கா ஒரு சட்டமும் போட்டார். யாராக இருந்தாலும் முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும், பிறகுதான் பதில். சீருடையில் எல்லா முகமும் ஒன்றுபோலத் தெரிகிறது, பிரித்து அடுக்க முடியவில்லை என்றார். நானும் சரி என்றேன்.

இந்த வருடம் தலைமை ஆசிரியை அவரைக் கூப்பிட்டு, "ரெண்டு எதுக்கு? எது உபயோகம்னு ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, ஒண்ணை எடுத்துடலாம்" என்றார். முடிவு எங்களுக்குத் தெரிந்ததுதான். மேடத்துக்கு அந்தப் பச்சை, சிவப்புப் படம் என்றால் உயிர். வாயாடியை எடுத்தால் அதிலுள்ள பதிவுகள் எல்லாம் அழிந்துபோகும்.

அக்கா என் எட்டாம் வகுப்பில் ஆரம்பித்தார். கணக்குப்பிள்ளையில் ஒரு வரி மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் மூளைக் காய்ச்சலில் இறந்துபோன பெண். பங்கேற்பு: பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைக் காட்டித்தான் அவளிடம் ஒருநாள், "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அவள் கணக்கை மூடிவிடலாம் என்று அக்கா நீல நோட்டைப் பார்த்து அவள் பெயரில் வாயாடிக்குள் போனார். அங்கே அனுப்பாத பதிவுகள் பதினேழு இருந்தன.

மதிய இடைவேளையில் அக்கா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். எல்லாவற்றிலும் அதே பெண், அதே நாற்காலி. பெயரின் முதல் எழுத்தில் நாக்கு சிக்கிக்கொள்கிறது. கண்ணை மூடுகிறாள், கையால் தொடையைத் தட்டுகிறாள், எழுத்து வரவில்லை. பதிவை நிறுத்திவிடுகிறாள். அடுத்ததிலும் அதே. பதினேழாவதில் முழுப் பெயரும் ஒரே மூச்சில் வந்துவிடுகிறது. தானே நம்பாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அப்போது மணி அடிக்கிறது, எழுந்து ஓடிவிடுகிறாள். அனுப்பும் பொத்தானை அமுக்கவில்லை.

"நான் போட்ட சட்டம், டீச்சர்" என்றார் அக்கா.

அனுப்பாததைத் தனியாக எடுத்து வைக்க முடியாது. அனுப்பினால்தான் முடியும். அதனால் அக்கா பதினேழாவதை அனுப்பினார். பூஜ்யம் என்று போகும் செய்தியை அவள் இறந்த அன்றே நிறுத்தியிருந்தார். பேசினாள் என்று போகும் செய்தியை நிறுத்த அவருக்குத் தோன்றவேயில்லை. இனி யார் பேசப்போகிறார்கள்?

திங்கள்கிழமை காலையில் அந்தப் பெண்ணின் அம்மா வந்தார். தையல் வேலை செய்பவர், தோளில் நூல்துண்டு ஒட்டியிருந்தது. போனை எங்கள் முன்னால் நீட்டினார். 'உங்கள் மகள் இந்த வாரம் ஒருமுறை பங்கேற்றார்' என்று செய்தி.

"யாரு பேசினது?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"என் தப்புதாம்மா, மன்னிச்சிடுங்க" என்றார் அக்கா. அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார். மகள் பெயர் சொன்னதும் அம்மா திரையைத் தொட்டார்.

"வீட்ல நல்லாத்தான் பேசுவா. வெளியில பேர் கேட்டாதான் திணறுவா. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. ஒன்றரை வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன்.

"வாராவாரம் பூஜ்யம் பூஜ்யம்னு வந்துச்சு. கடைசி வெள்ளிக்கிழமைகூட அதுக்குத்தான் திட்டினேன். தலை வலிக்குதுன்னா, நடிக்காதேன்னுட்டேன்." திரையில் இருந்த பட்டியலைப் பார்த்துக் கேட்டார். "இன்னும் எத்தனை இருக்கு?"

"பதினாறு. ஆனா அதுல பேர் வராதும்மா."

"வரலேன்னா என்ன, பேசத்தானே உக்காந்தா? அதையும் அனுப்புங்க. மொத்தமா வேண்டாம். வாரத்துக்கு ஒண்ணு."

அக்கா எழுதிய ஒப்பீடு ஒரு பக்கம்கூட வரவில்லை. 'கணக்குப்பிள்ளை அனுப்பியதை மட்டும் எண்ணுவார். வாயாடி அனுப்பாததையும் வைத்திருப்பாள். பதினாறு வாரத்துக்கு இரண்டையும் எடுக்க வேண்டாம்.' மேடம், "அதென்ன பதினாறு?" என்று கேட்டார். அக்கா அவரைக் கம்ப்யூட்டர் அறைக்குக் கூட்டிப்போய் ஒரே ஒரு பதிவைக் காட்டினார். மேடம் அங்கேயே நின்றபடி கையெழுத்துப் போட்டார். பெயர் சொல்லும் சட்டத்தையும் அக்கா அன்றே எடுத்துவிட்டார்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அக்கா ஒன்றை அனுப்புகிறார். பதில்கள் ஆசிரியரிடம்தானே வரும். புதிய பதில் ஒன்று என்று திரையில் அவள் பெயர் எழும்புகிறது. கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பேன். முழுதாகப் பார்ப்பேன், ஓட்டிவிடமாட்டேன். நாலு மணிக்கு அவள் அம்மா போனில் செய்தி போய் விழும்.

இன்று வந்தது ஒன்பதாவது. நாற்பது விநாடி அந்த முதல் எழுத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, கேமராவுக்குப் பின்னால் யாராவது உதவிக்கு வருவார்களா என்பதுபோல் பார்க்கிறாள். கீழே ஆசிரியர் கருத்து என்று ஒரு கட்டம் இருக்கிறது. இதுவரை ஒரு பிள்ளைக்கும் அதில் நான் எதுவும் எழுதியதில்லை. இன்று எழுதினேன்.

"பேரு எனக்குத் தெரியும்டா. நீ பதிலைச் சொல்லு."