பந்து உட்கார்ந்த மேட்ச்

என் மாமாவும் அவர் கூட்டாளிகளும் ஒரு நாள்கூடக் கல்லூரியில் படித்தவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் “எங்க காலேஜ்” என்று சொல்வதைக் கேட்டால், கல் சுமந்து அந்தக் கட்டடத்தைக் கட்டியதே இவர்கள்தான் என்று நினைப்பீர்கள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இருந்தது அந்தக் கல்லூரி. அதன் பாஸ்கெட்பால் டீம் எந்த ஊருக்கு விளையாடப் போனாலும் இவர்கள் பின்னாலேயே பஸ் ஏறிவிடுவார்கள்.

இன்றைக்கும் ஆடி பிறந்து சாரல் விழுந்ததும் குற்றாலத்தில் ஒரு வீடு பிடித்து, மிச்சமிருக்கிற நாலு பேரும் கூடிவிடுகிறார்கள். அருவியில் குளிப்பது அரை மணி நேரம். அந்தக் காலத்து மேட்சுகளைப் பேசுவது மூன்று நாள். சமைத்துப் போட நான் போவேன். சமையல் ஒரு சாக்குதான், பேச்சைக் கேட்கத்தான் போகிறேன். எங்கள் காலேஜ் தொடர்ந்து மூன்று வருடம் கப்பு வாங்கியது. அந்த மூன்று வருடத்தில் யார் யாருக்குப் பந்து கொடுத்தான், எவன் கால் சுளுக்கியது, எவன் பாதி மேட்சில் வாந்தி எடுத்தான், எல்லாம் வரும். எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரு மேட்சில்தான் வந்து நிற்பார்கள். அதற்குப் பெயரே ‘பந்து உக்காந்த மேட்ச்’. முதல் கப்பு அதில்தான் வந்தது.

அந்தப் பந்தை உட்கார வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்க வராது. பேத்திதான் போனில் தட்டுகிறாள். “ஆச்சி, ஒன்னொன்னாச் சொல்லு” என்று இப்போதே முறைக்கிறாள்.

அப்போது எனக்கு எட்டு வயது. புளியங்குடியில் அப்பாவுக்கு எலுமிச்சங்காய் கமிஷன் கடை. மாமா அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். கடையில் மூட்டை தைப்பது அவர் வேலை. அவர் தைத்த மூட்டை லாரியில் மலை ஏறி இறங்கி எத்தனை ஊர் தாண்டினாலும் ஒரு காய் வெளியே எட்டிப் பார்க்காது. காய்ந்த சணலில் தைத்து, மேலே ஒரு கை தண்ணீர் தெளிப்பார். ஈரம் பட்டதும் சணல் முறுக்கிக்கொண்டு இறுகிவிடும். தையல் முடிகிற இடத்தில் இரட்டைச் சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சுப் போடுவார். அது எங்கள் கடை முடிச்சு. வேறு எந்தக் கடையிலும் அப்படிப் போட மாட்டார்கள். நான் பள்ளிக்கூடம் போன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், ஆனால் அந்த முடிச்சை ஆறு வயதிலேயே பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் வாய் பிளந்து, அடி கிழிந்து ஒரு பை கிடந்தால் யாரும் யாரையும் கேட்க மாட்டோம். கோணி ஊசியை எடுப்போம், தைப்போம். அவ்வளவுதான்.

மேட்சுக்கு முந்தின நாள் அம்மாவுக்கும் மாமாவுக்கும் பெரிய சண்டை.

“மூணு வருசமா ஃபைனல்ல தோக்கானுவ. அவனுவ பொறத்தால நீ ஓடுத. இங்க ஒங்க அத்தான் ஒத்தையில லோடு ஏத்திக்கிட்டு நிக்காவ.”

“இந்தத் தடவ ஜெயிச்சிருவோம்க்கா.”

“ஜெயிக்கலன்னா?”

“அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போவ மாட்டேன். இந்தா, எலுமிச்சங்கா மேல சத்தியம்.”

“எலுமிச்சங்கா மேல எவம்லே சத்தியம் பண்ணுவான்? இங்க பண்ணு,” என்று அம்மா என்னைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். மாமா என் உச்சந்தலையில் கையை வைத்துச் சத்தியம் பண்ணிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தோற்றாலும் மாமா மேட்ச் பார்க்கப் போகாமல் இருக்க மாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தலையில் அடித்த சத்தியத்தை மீறினால் தலை வெடித்துவிடும் என்று தெருவில் பெரிய பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். மாமாவுடைய தலை இல்லை, என் தலை. ஆகையால் எங்கள் காலேஜ் ஜெயித்தே ஆக வேண்டும்.

மறுநாள் காலையில் மாமா ஒரு வலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். காலேஜ் பி.டி. மாஸ்டர் கொடுத்து அனுப்பியது. ஒரு பக்கத்து வளையத்தில் தொங்குகிற வலை, அங்கங்கே அறுந்திருந்தது. “நம்மள நம்பிக் குடுத்திருக்காருட்டி” என்று மாமாவுக்கு ஒரே பெருமை. அறுந்த கண்ணிகளை எல்லாம் முடிந்துவிட்டுக் குளிக்கப் போனார். நான் எடுத்துப் பார்த்தேன். மேல்வாய் சரி, பக்கம் சரி. அடி? அடியே இல்லை. பொந்து மாதிரித் திறந்து கிடந்தது.

மூன்று வருடமாக ஏன் தோற்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நானும் மாமாவோடு இரண்டு மூன்று மேட்ச் பார்த்திருக்கிறேன். பாவம், அந்த அண்ணன்மார் வேர்க்க விறுவிறுக்க ஓடி, எம்பிக் குதித்துப் பந்தை உள்ளே போடுவார்கள். போட்ட மாத்திரத்தில் அடி வழியே விழுந்துவிடும். மறுபடி எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். கூட்டம் எதற்குக் கை தட்டுகிறது என்றே எனக்குப் புரிந்ததில்லை. போட்ட பந்து ஒரு தடவையாவது உள்ளே தங்க வேண்டாமா? யார் பந்து தங்குகிறதோ அவர்கள்தானே ஜெயித்தவர்கள்?

ஊசியை எடுத்தேன். சணலைக் கோத்தேன். பாதி அடியைச் சேர்த்துத் தைத்து முடிச்சுப் போட்டதும், “ஏட்டி, தல பின்ன வா!” என்று அம்மா கூப்பிட்டுவிட்டாள். பின்னி முடித்து ஓடி வந்தால், மாமா வலையைச் சுருட்டி மஞ்சள் பைக்குள் திணித்துவிட்டார். பாதி தைத்ததும் பாதி தைக்காததுமாக அது புறப்பட்டது.

நானும் மாமாவும் ஏறின பஸ்ஸில் கண்டக்டர் அண்ணாச்சியும் வந்தார். மாமாவுக்கு உயிர்க் கூட்டாளி. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, தான் வேலை பார்க்கிற பஸ்ஸிலேயே டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருந்தார். மேலே எலுமிச்சங்காய் மூட்டை ஏற்றி முடியவே அரை மணி ஆகிவிட்டது. “ரைட்டு குடுலே, ரைட்டு குடுலே” என்று இவர் கத்த, வேலையில் இருந்த கண்டக்டர், “லீவுல இருக்கவங்க வாய மூடிட்டு இருக்கணும் அண்ணாச்சி” என்றார்.

காலேஜுக்குப் போய்ச் சேர்ந்தபோது ரெஃப்ரி விசிலை வாயில் வைத்துவிட்டார். பி.டி. மாஸ்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். மாமா கண்டக்டர் அண்ணாச்சியின் தோளில் ஏறி, அவசர அவசரமாக வலையை வளையத்தில் மாட்டினார். அடியை யார் பார்த்தது?

எதிர் டீம் ரொம்பக் கெட்டிக்காரர்கள். முதல் பாதியில் என் வலைப் பக்கம் அவர்கள்தான் போட்டார்கள். ஒவ்வொரு பந்தும் உள்ளே விழுந்து, ஒரு நிமிஷம் யோசித்து, பிறகு மனசில்லாமல் இறங்கியது. “வல புதுசாக் கட்டுனதுலா, அப்படித்தான் இருக்கும்” என்றார் கண்டக்டர் அண்ணாச்சி. எனக்குத் திக்கென்று இருந்தது. நம் ஆட்களுக்காகத் தைத்தால் பந்து அவர்களுக்குத் தங்கிவிடும் போலிருக்கிறதே! நல்லவேளையாகப் பாதியில் பக்கம் மாறினார்கள்.

அவர்களிடம் ஒரு குள்ளன் இருந்தான். நாம் பந்தைப் போட்டு, அது கீழே விழ விழப் பிடித்து, வெளிக்கோட்டில் நின்று அந்தக் கடைசிக்கு ஒரே எறியாக எறிந்துவிடுவான். அங்கே ஒருத்தன் தயாராக நிற்பான். நம் ஆட்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அங்கே பந்து உள்ளே போய்விடும். இப்படியே எத்தனை தடவை! நம் அண்ணன்மார் நாக்குத் தள்ளி நின்றார்கள். அந்த நேரம் பார்த்துச் சாரல் தூறத் தொடங்கியது. மாமா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் என் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு பாயிண்டு பின்னால் இருந்தோம். இன்னும் கண் மூடித் திறக்கிற நேரம்தான். நெட்டை என்று நாங்கள் கூப்பிடுகிற அண்ணன் எங்கிருந்தோ எறிந்தார். பந்து வளையத்தில் தட்டி, ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விழுந்தது. கீழே குள்ளன், பூசாரியிடம் பிரசாதம் வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் ஏந்தி நிற்கிறான்.

பந்து வரவில்லை.

அவன் அண்ணாந்து பார்த்தான். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். பந்து வலைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

“நின்னுட்டு! நின்னுட்டு! ஜெயிச்சாச்சு!” என்று நான் குதித்தேன்.

ரெஃப்ரி விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். எதிர் டீம் மாஸ்டர் ஓடி வந்தார். “பந்து கீழ வரல, பாயிண்டு கெடையாது” என்றார். ரெஃப்ரி பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து, சாரலில் நனையாமல் சட்டைக்குள் வைத்து வைத்துப் படித்தார். மேலே இருந்து உள்ளே போய் அங்கேயே தங்கினாலும் இரண்டு பாயிண்டு உண்டாம். பார்த்தீர்களா, எனக்குத் தெரிந்த சட்டம் அந்தப் புத்தகத்திலும் இருந்திருக்கிறது.

பந்தைக் கம்பால் குத்திப் பார்த்தார்கள். அசையவில்லை. மாமா திரும்பவும் கண்டக்டர் அண்ணாச்சியின் தோளில் ஏறினார். இடுப்பிலிருந்து மூட்டை அறுக்கிற கத்தியை எடுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தங்கின பந்தை ஏன் இறக்குகிறார்? இந்த மாமாவுக்குப் பைத்தியமா?

மேலே போனவர் அப்படியே நின்றுவிட்டார். முகத்தை வலைக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, அத்தனை கூட்டத்தில் என்னை மட்டும் பார்த்தார்.

“என்னல மாப்ள, தோளு நோவுது, அறுல!” என்றார் கீழே இருந்தவர்.

மாமா அறுத்தார். ஆனால் அவசரமே படவில்லை. ஒவ்வொரு தையலாக, பொன்னை அறுக்கிற மாதிரி அறுத்தார். அதற்குள் நம் அண்ணன்மார் தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி, ஐந்து பேரும் அந்தக் கடைசியில் நாம் காக்கிற வளையத்துக்கு அடியில் போய் வரிசையாக நின்றுகொண்டார்கள். ஆட்டம் தொடங்கியது. குள்ளன் எறிந்தான். நெட்டை எம்பிப் பிடித்தார். பெல் அடித்தது.

அடுத்து நடந்தது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். யாரோ தூக்கினார்கள், யாரோ விசிலடித்தார்கள், பி.டி. மாஸ்டர் செருப்பைத் தொலைத்தார். நான் கூட்டத்துக்குள் புகுந்து, “நான்தான், நான்தா—” என்று தொடங்கினேன். வாய்க்குள் சூடாக ஒரு துண்டு அல்வா வந்து விழுந்தது. மாமா இலைப் பொட்டலத்தோடு நின்றார்.

“என்னட்டி, தலயவே தடவிக்கிட்டு நிக்க?”

“இனிமே வெடிக்காதுலா மாமா?”

 மாமா சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வர அப்படி ஒரு சிரிப்பு. மிச்ச அல்வா முழுவதையும் எனக்கே கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எத்தனை சாரல்! ஒவ்வொரு வருடமும் பந்து ஏன் உட்கார்ந்தது என்ற சண்டை. ஒருத்தர் குற்றாலநாதர் பிடித்து வைத்தார் என்பார். கண்டக்டர் அண்ணாச்சி, ஈரத்தில் வலை சுருங்கியது என்பார். இன்னொருத்தர் எதிர் டீமே செய்த சதி, அவர்களுக்கே திரும்பிவிட்டது என்பார். நான் வாயைத் திறக்கும் போதெல்லாம் மாமா கையில் எப்படியோ ஒரு துண்டு அல்வா இருக்கும். சின்னப் பிள்ளையில் அது ஜெயித்த சந்தோஷம் என்று நினைத்தேன். கல்யாணம் ஆன பிறகு, ஓகோ, என் வாயை அடைக்கிறார், காலேஜ் மானத்தைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்து நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

இந்த வருடம் மாமாவுக்குச் சர்க்கரை. அல்வா வாங்கக் கூடாது என்று அவர் மகள் சொல்லி அனுப்பிவிட்டாள். சாப்பிட்டு முடித்துச் சண்டை தொடங்கியது. குற்றாலநாதர், ஈரம், சதி. எனக்குப் பொறுக்கவில்லை. சாம்பார்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன்.

“சாமியும் இல்ல, சதியும் இல்ல. அடியத் தச்சது நான். எட்டு வயசுல. எங்க கட முடிச்சுப் போட்டு.”

 மாமா கண்ணை மூடிக்கொண்டார். கண்டக்டர் அண்ணாச்சிதான் முதலில் பேசினார்.

“கெடுத்துட்டியேட்டி!”

“என்னத்த அண்ணாச்சி?”

“அன்னைக்கே பஸ்ஸுல ஒம் மாமன் அறுத்த சணல் முடிச்சக் காட்டிட்டாம்லா. எங்க எல்லாத்துக்கும் தெரியும். ஒரே வார்த்தையில முடிஞ்சிரக் கூடாதேன்னுதான் இத்தன வருசமாச் சுத்திக்கிட்டுக் கெடக்கோம். இப்பம் போட்டு ஒடச்சிட்ட. அடுத்த சாரலுக்கு வந்து நாங்க என்னத்தப் பேச?”

 ஏதோ பூஜைச் சாமானைக் கீழே போட்ட மாதிரி நின்றேன். மாமாதான் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

“இவ சொல்லுதான்னு நம்பாதீங்க. எட்டு வயசுப் புள்ள தையல்ல பந்து நிக்குமாக்கும்?”

“அதானே!” என்று கண்டக்டர் அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஈரம்லே அது. நான் அப்பமே சொன்னேன்.”

“ஈரமாவது! குற்றாலநாதர் கண்ணு முன்னால நடக்க மேட்சுல—”

“சும்மா இரும்வே, சதிவே அது!”

வெளியே சாரல் வலுத்தது. உள்ளே அதைவிடச் சத்தம். “ஏய், என் தையல் அது!” என்று நானும் கத்தினேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாமா மட்டும் மகளுக்குத் தெரியாமல் தலையணைக்கு அடியில் வைத்திருந்த இலைப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு துண்டு அல்வாவை என் பக்கம் நீட்டினார். நான் எட்டு வயதுப் பிள்ளை மாதிரியே வாயைத் திறந்தேன்.