கயிற்றின் மறுமுனை

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். கல்லறைத் திருநாளில் இருட்டிய பிறகுகூட அப்பா கல்லறைக்குத் தனியாகப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவேன். இனி நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

தூத்துக்குடியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். பழைய ஆங்கில நாடகம் ஒன்றை வரி வரியாகப் படித்து, கடைசியில் மேடையேற்ற வேண்டும். எனக்கு மாலுமி வேஷம், கூட்டாளி கடலில் மூழ்கிச் செத்ததை வந்து சொல்கிற வேஷம், மொத்தம் முப்பது வரி. எங்கள் மேடம் அந்த முப்பது வரியை ஒரு மாதம் அலசினார். "காத்து அடிச்சுதுங்கான், அலை எழும்புச்சுங்கான். 'நான்'னு ஒரு எடத்துலயாவது சொல்லுதானா பாரு. இவ்வளவும் பாத்தவன் கையில என்ன இருந்துச்சு?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் இதே பேச்சை வருஷாவருஷம் அப்பாவின் நினைவுப் பூசை முடிந்ததும் வீட்டில் கேட்டிருக்கிறேன். அப்பா சங்கு குளிக்கப் போய்க் கடலுக்குள்ளேயே செத்தவர். முத்துக் குளித்த காலத்திலிருந்தே முங்குகிறவனின் கயிறு மச்சான் கையில்தான் இருக்கும், தங்கச்சி தாலியை நினைத்தாவது விடமாட்டான் என்பார்கள். அப்பாவின் கயிற்றை அம்மாவின் அண்ணன், என் மாமா, பிடித்திருந்தார். ஒரு இழுப்பு என்றால் கடலடித் தரைக்கு நல்லபடி வந்துவிட்டேன், இரண்டு என்றால் என்னை மேலே தூக்கு. "தண்ணி கலங்கிக் கெடந்துச்சு, நீரோட்டம் மாறிச்சு, கயிறு அசையவே இல்ல" என்பார் மாமா. அதை நம்பித்தான் அம்மா ஞாயிறு தவறாமல் அண்ணனுக்குச் சோறு போட்டாள். மாமாவின் கதையிலும் 'நான்' இல்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஒத்திகை. கையில் பிடித்துக்கொண்டு பேசு என்று மேடம் ஒரு கயிற்றைக் கொடுத்திருந்தார், மறுமுனை திரைக்குப் பின்னால் கிடந்தது. கூட இருந்த தோழி பிரின்ஸி டீ வாங்கப் போயிருந்தாள். தனியாகச் சொல்லிப் பார்த்தேன். பன்னிரண்டாவது வரியில் கயிறு இழுத்தது, இரண்டு தடவை, உள்ளங்கை எரிகிற மாதிரி. அவள்தான் பின்னால் நின்று விளையாடுகிறாள் என்று நினைத்து, "ஏளா, சும்மா இருளா!" என்று கத்தினேன். பிரின்ஸி டீயோடு எதிர்வாசல் வழியாக உள்ளே வந்தாள். திரையை விலக்கினால் கயிற்று முனை எதிலும் கட்டாமல் தரையில் கிடக்கிறது.

பிரின்ஸிக்குப் பின்னால் மாமா வந்தார், என்னை பைக்கில் கூட்டிப்போக. முகத்தில் ரத்தமே இல்லை.

"ரெண்டு தடவ இழுத்தாம்லா?"

நான் யாரிடமும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. "கயிறு அசையலன்னுதான சொல்லுவீக?" என்றேன்.

"அசைஞ்சுது. நான் நீரோட்டம்னு நெனச்சேன்ளா."

எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் வந்தது, அவ்வளவு பாவமாகவும் இருந்தது. அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள், இல்லையென்றால் நான் சொல்வேன் என்றேன். சொல்லிவிட்டார். அம்மா அழவில்லை, திட்டவில்லை. அந்த ஞாயிறு மாமாவுக்குத் தட்டு வைக்கவில்லை, அவ்வளவுதான்.

நாடகத்தன்று இருவரும் வந்தார்கள், கடைசி வரிசையில், நடுவில் இரண்டு நாற்காலி விட்டு. யாரும் இழுக்கக் கூடாது என்று கயிற்றின் மறுமுனையை நானே சுருட்டி என் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டேன். பன்னிரண்டாவது வரி வந்தது. கயிறு இழுத்தது. நான் காத்திருந்தேன், இன்னொன்று வரவில்லை.

வீட்டுக்குப் போனதும் அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்: "ஏளா, ஒரு தடவதான?"

"ஆமா."

மாமாவுக்குத் தட்டை எடுத்து வைத்தாள்.

கயிறு இழுத்ததைக்கூட என் மனப்பிரமை என்று நீங்கள் சொல்லலாம், நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அம்மா அன்று கண்ணாடியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தாள். கடைசி வரிசையிலிருந்து அவளுக்கு என் முகமே தெரிந்திருக்காது.