ரப்பருக்கு எண்ணெய் விட்ட மனிதர்

என் வீட்டுக்காரருக்குச் சத்தம் ஆகாது. கதவு முனகினால் எண்ணெய், மின்விசிறி கிறீச்சிட்டால் எண்ணெய், தையல் மெஷினுக்கு நான் கேட்காமலேயே எண்ணெய். பஞ்சாலையில் ஆயில்மேனாகச் சேர்ந்து ஆயில்மேனாகவே ஓய்வு பெற்றவர். ஓடும் மெஷின்களுக்கு நடுவில் மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பியோடு நடப்பதுதான் உத்தியோகம். நல்ல வேலைக்காரர் என்று பேர். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குப்பியை மில் வாசலில் விட்டுவிட்டு வரத் தெரியாத மனிதரோடு குடும்பம் நடத்திப் பார்த்தால்தான் தெரியும். தலையணை உறையில் எண்ணெய், நான் பொத்திப் பொத்தி வைத்த பட்டுப் புடவையில் எண்ணெய். மகள் பள்ளிக்கூடம் போன சைக்கிளின் செயினிலிருந்து அவள் வெள்ளைச் சீருடை முழுக்க எண்ணெய். அவள் அழுதுகொண்டே வந்து நிற்பாள். இவர், "சைக்கிள் சத்தம் போட்டுச்சா? இல்லல்ல?" என்பார்.

இவர் ஓய்வு பெற்றபோது மில் மேனேஜர் தன் பழைய காரை இவர் தலையில் கட்டினார். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே ஓடத் தொடங்கிய வண்டி. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "அடடா, ராஜா மாதிரி இருக்கு" என்பார்கள். அவர்களுக்கென்ன, பின்சீட்டில் உட்கார்ந்தார்களா? வளைவில் வண்டியின் பின்பக்கம் ஒரு வழி போகும், நாம் ஒரு வழி போவோம். பள்ளத்தில் இறங்கினால் அடியில் யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரி 'டங்'கென்று கேட்கும்.

மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. பேரக்குழந்தையைத் தன் காரில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவரப் போவதாக இவர் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மகள் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "பின்னாடி ஆடுறது நின்னாத்தான்பா. அம்மா உக்காந்து பாத்துட்டு சரின்னு சொல்லட்டும், வர்றேன். நீங்க சொன்னா நம்ப மாட்டேன்."

இவர் உடனே வேலையில் இறங்கினார். வீட்டை ஒட்டிய ஷெட்டில் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, முட்டுக் கொடுத்து, பின்சக்கரங்களைக் கழற்றினார். அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டைகளின் முனைகளில் துளை இருக்கிறது. துளைக்குள் புஷ் என்கிற ரப்பர் குழல், அதற்குள் போல்ட். இரும்பும் இரும்பும் மோதிக்கொள்ளாமல் நடுவில் கிடந்து அடிபடுவதுதான் அந்த ரப்பரின் பிழைப்பு. அப்பா மகள் சண்டையில் எனக்கு வாய்த்த பிழைப்பும் அதுதான்.

துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டி ஒருவழியாகப் பழைய புஷ்களை வெளியே எடுத்தார். அதைப் போய் ரப்பர் என்று யார் சொல்வார்கள்? ஊதி, பிசுபிசுத்து, வெயிலில் இளகிய தார் மாதிரி விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த அசிங்கத்தைக் கொண்டுவந்து என் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டார். தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் நாற்றம் போகவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு இரண்டு பேரும் உதிரி பாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் பிரித்துப் பார்த்து முகம் சுளித்தார். "இதுக்கு யாருங்க எண்ணெய் விட்டது?"

"நான்தான்" என்றார் இவர், பெருமையாக. "வாரம் தவறாம விடுவேன். இல்லன்னா கிறீச் கிறீச்னு கத்தும்."

"நல்லா விட்டீங்க. எண்ணெய்தான் சார் ரப்பரைத் தின்னுருக்கு. புதுசுக்கு சோப்புத் தண்ணி தடவி உள்ள தள்ளுங்க. சக்கரம் தரையில நின்னப்புறம் போல்ட்டைக் கடைசியா முடுக்குங்க. எண்ணெயை மட்டும் கிட்டவே கொண்டு போயிடாதீங்க."

இவர் பூம்பூம் மாடாகத் தலையாட்டினார். சொன்னபடி செய்யவும் செய்தார். என் அளவுக் குவளையை எடுத்துச் சோப்புத் தண்ணீர் கலந்தார். புஷ்ஷைத் தடவி, திருகு இடுக்கியால் நெருக்கி உள்ளே ஏற்றினார். சக்கரம் மாட்டி, வண்டியை இறக்கி, அடியில் மல்லாந்து படுத்துப் போல்ட்டை முடுக்கினார். பிறகு என்னைப் பின்சீட்டில் ஏற்றி ஊரைச் சுற்றினார். ஆட்டம் இல்லை, அடி இல்லை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததில் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

பேத்தி பிறந்தாள். வீட்டுக்கு அனுப்பும் நாளுக்கு முதல் நாள் மகள் போன் செய்தாள். "என்னம்மா, அப்பா வண்டியில வரலாமா?" சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதை அவர் காதால் கேட்கட்டும் என்று போனோடு ஷெட்டுக்குப் போனேன். காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. 'டொக்கு டொக்கு' என்று குப்பியை அமுக்கும் சத்தம்.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. வளைவுல லேசா ஒரு கிறீச் கேட்ட மாதிரி இருந்துச்சு. ஒரே ஒரு சொட்டு."

"கடைக்காரர் என்ன சொன்னாரு?"

"அட, ஒரு சொட்டு என்ன பண்ணிடும்? குழந்தை தூங்கிட்டு வரும்ல."

குனிந்து பார்த்தேன். புதுப் புஷ்ஷில் எண்ணெய் வழிந்து மணிக்கட்டில் ஓடுகிறது, அவர் சிரிக்கிறார். பாசம் என்ற பேரில் எதையும் ஊறவைத்து அழுகவிடுகிற அந்தக் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "வாடகைக் காருக்குச் சொல்லிடும்மா" என்றேன் போனில், அவர் காதில் விழும்படி. குப்பிச் சத்தம் நின்றது. ஒரு சொட்டு எண்ணெயில் மறுநாளே ஒன்றும் ஆகிவிடாது. அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் இவர் காரும் நின்றது. கழுவித் துடைத்து, பின்சீட்டில் வெள்ளைத் துண்டு விரித்து வைத்திருந்தார். யாரும் ஏறவில்லை. மாப்பிள்ளை முன்னால் உட்கார, நானும் மகளும் குழந்தையோடு வாடகைக் காரின் பின்னால் உட்கார்ந்தோம். இவர் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தார்.

பெரிய வளைவு ஒன்றில் மகள் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, அப்பா வண்டி ஆடவே இல்லியே?"

"ஆடாது. இப்ப ஆடாது."

"அப்புறம் ஏன் வேணாம்னு சொன்ன?"

"எண்ணெய்தான் பழைய ரப்பரைத் தின்னுச்சுன்னு கடைக்காரர் சொல்லியும், புதுசுக்கும் எண்ணெய் விட்டுட்டாரு."

அவள் குழந்தையை என்னிடமிருந்து வாங்கி மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, "ச்சீ" என்றாள். வீடு வந்து சேரும்வரை அவள் பின்னால் திரும்பவே இல்லை.